இன்னிக்கு என்ன தேதி

‘சட்டைகள்’ என்று எழுதி ஒட்டியிருந்த அலமாரிக் கதவைத் திறந்தபோது உள்ளே சட்டைகள்தான் இருந்தன. எழுதி ஒட்டியவள் நேவேனாவேதான். போன வருஷம் ஆகஸ்ட் மாதம், கறுப்பு மார்க்கரால், தூரத்தில் நின்றாலும் படிக்கிற மாதிரி கொட்டை கொட்டையாக எழுதியிருந்தாள். ஒரு ஓரம்கூடப் பிரியாமல் அப்படியே இருந்தது. கிழித்துப் போட அப்பாவுக்கு ஒரு வருஷம் அவகாசம் இருந்தும் அவர் கிழிக்கவில்லை.

“நாலு நல்ல சட்டையா எடு. பெட்டி தூக்கறவங்க நாலு பேருக்கும் ஆளுக்கு ஒண்ணு குடுக்கணும்,” என்றாள் பக்கத்து வீட்டு கெர்கா அத்தை, பின்னாலிருந்து. “காலர் நைஞ்சதைக் குடுத்துடாத. மேல போய் உங்கப்பா என்னைத்தான் திட்டுவாரு.”

நேவேனா எடுத்துக் கொடுத்தாள். போலோன்யாவில் விமானம் ஏறி, சோஃபியாவில் இறங்கி, முதல் பஸ்ஸைப் பிடித்து சொந்த ஊரான லோமுக்கு வந்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை. கைப்பை இன்னும் தோளிலேயே தொங்கியது. மதியம் மூன்று மணிக்கு அடக்கம்.

முன்னறையில் கண்ணாடியைத் துணி போட்டு மூடியிருந்தார்கள். அப்பா பெட்டிக்குள் கல்யாணங்களுக்குப் போடுகிற கறுப்பு சூட்டில் இருந்தார். சட்டைக் கழுத்துக்கும் அவர் கழுத்துக்கும் நடுவே இரண்டு விரல் போகும். இவ்வளவு இளைத்துவிட்டார் என்று யாரும் சொல்லவில்லை என்று நினைத்தாள். பிறகு, நான் கேட்கவுமில்லை என்று நினைத்தாள். தொலைபேசியில் கேட்டதெல்லாம் வேறு.

“தூக்கத்துலயே போயிட்டாரு. காலைல சூப் எடுத்துட்டு வந்தேன், முந்தின நாள் சூப் அப்படியே இருந்துது,” என்றாள் கெர்கா அத்தை. “இதயம்னு எழுதிக் குடுத்திருக்காங்க. ஏதாவது ஒண்ணு எழுதணும் இல்ல.”

“மாத்திரை எல்லாம் ஒழுங்காப் போட்டுக்கிட்டாரா?”

“நீ அனுப்பினதா? போட்டுக்கிட்டாரு. எதைக் குடுத்தாலும் வாங்கிக்குவாரு. அதுதான் எனக்குப் புடிக்கவே இல்ல. முப்பது வருஷமா நான் சுட்ட பிட்டா ரொட்டில உப்பு கம்மின்னு சண்டை போட்ட மனுஷன்.”

நான்காவது சட்டையோடு அந்தச் சாம்பல் நிறக் கோட்டும் வெளியே வந்தது. அப்பா வெளியே போகும்போது மட்டும் போடுவது. அதைப் பெட்டி தூக்க வரும் மெத்தோவுக்குக் கொடுக்கலாம், அவன்தான் இதே உயரம் என்று சொல்லிக்கொண்டே கெர்கா அத்தை பைகளைத் துழாவினாள். ஒரு கைக்குட்டை, ஒரு டேப் உருளை, உள்பையில் நாலாக மடித்த காகிதக் கத்தை.

“டாக்டர் சீட்டா இருக்கும். நீயே பாரு.”

நேவேனா பார்க்கவில்லை. காகிதத்தையும் டேப்பையும் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

அடுப்படிக்குப் போனாள். அங்கேயும் அவள் கையெழுத்துதான். ‘தட்டுகள்’, ‘சர்க்கரை’, ‘உப்பு’, ‘தொடாதே’. தொடாதே என்பது காஸ் குழாய்க்கு. ஆனால் அதே வாரம் காஸ் சிலிண்டரையே எடுத்துக் கொடுத்துவிட்டாள். ஒரு வருஷமாக அந்தச் சீட்டு, இல்லாத ஒன்றைத் தொடாதே என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. வாசல் பக்கம் ஒரு ஆணி, அதற்கு மேலே ‘சாவி’. ஆணியில் சாவி இல்லை. சாவி கெர்கா அத்தையிடம் இருந்தது. அதுவும் நேவேனாவின் ஏற்பாடுதான்.

இதையெல்லாம் அவள் தெரியாத்தனமாகச் செய்யவில்லை. தெரிந்துதான் செய்தாள், அதுதான் கஷ்டம். ஒன்பது வருஷமாக அவள் இத்தாலியில், மோதெனாவில், சின்யோரா அடெலேயைப் பார்த்துக்கொள்கிறாள். சின்யோராவுக்கு எண்பத்தெட்டு வயது, ஞாபகம் போய்விட்டது. அவளைக் குளிப்பாட்டி, ஊட்டி, அலமாரிகளில் பெயர் எழுதி ஒட்டி, கதவைப் பூட்டி, தினமும் காலையில் இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டு, தப்பாகச் சொன்னாலும் கன்னத்தைத் தட்டிச் சபாஷ் சொல்லி வளர்த்து வருகிறாள். லோமிலிருந்து போன பெண்களில் பாதிப் பேருக்கு அங்கே இதே வேலைதான். ஊரில் பெற்றவர்கள் தனியாக இருக்க, அவர்கள் வேறு யாருடைய பெற்றவர்களுக்கோ சூப் ஊட்டுகிறார்கள். இந்த நோயைப் பற்றி ஊர் டாக்டர்களைவிடத் தங்களுக்குத்தான் அதிகம் தெரியும் என்று ஒவ்வொருத்திக்கும் ஒரு நினைப்பு உண்டு. நேவேனாவுக்கும் இருந்தது.

போன வருஷம் மார்ச்சில் அம்மா விதா செத்துப்போனாள். அடக்கத்துக்கு வந்து நான்கு நாளில் திரும்பிய நேவேனா, ஆகஸ்ட் விடுமுறையில் மறுபடி வந்தபோது அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். சவரம் செய்து பல நாள் ஆகியிருந்தது. கெட்டில் அடிப்பிடித்துக் கறுத்துக் கிடந்தது. என்ன சாப்பிட்டீங்க என்றால் தெரியல. மாத்திரை போட்டீங்களா என்றால் தெரியல. ரேடியோவைத் திருப்பிச் சுவரைப் பார்க்க வைத்திருந்தார். முப்பத்தோரு வருஷம் துறைமுகத்தில் ஆற்றின் நீர்மட்டம் பார்த்துக் குறித்த மனிதர் அவர். ஓய்வுக்குப் பிறகும் தினமும் காலையில் துறைக்கு நடந்து போய் அளவுகோலைப் பார்த்துவிட்டு வருவார். பிற்பகலில் டான்யூப் நீர்மட்டம் ரேடியோவில் வாசிக்கும்போது, இவர் பார்த்ததும் அவர்கள் சொல்வதும் ஒத்துப்போனால்தான் அவருக்கு நாள் முடியும். அதெல்லாம் நின்றுபோயிருந்தது.

“தலை வேலை செய்யல நேவே,” என்று அவரே சொன்னார்.

அவ்வளவுதான், அவள் முடிவு செய்துவிட்டாள். அன்று சாயங்காலமே மார்க்கர் வாங்கப் போனாள்.

இப்போது அடுப்படியில் நிற்கும்போது போன் அடித்தது. சின்யோராவின் மகன் ரென்ஸோ. நல்ல மனிதன்தான். துக்கம் விசாரித்துவிட்டு, கொஞ்சம் தயங்கி, எந்தத் தேதிக்குத் திரும்புவாய் என்று கேட்டான். அம்மா காலையிலிருந்து உன்னைத்தான் தேடுகிறாள், என்னைப் பார்த்தே நேவேனா என்கிறாள் என்றான்.

“தெரியல ரென்ஸோ. அப்புறம் சொல்றேன்.”

சொன்ன பிறகு அந்த வார்த்தை வாயிலேயே கிடந்தது.

“சாவு நோட்டீஸ் இன்னும் அடிக்கல,” என்று கெர்கா அத்தை முன்னறையிலிருந்து குரல் கொடுத்தாள். அவள் அப்பாவைத் தனியே விட்டு எழுந்து வரமாட்டாள். செத்தவரைத் தனியே விடக்கூடாது. “பொண்ணு வந்து வாசகம் சொல்லட்டும்னு நிறுத்தி வெச்சிருக்கேன். மத்தியானத்துக்குள்ள ஒட்டியாகணும், இல்லன்னா யாருக்குத் தெரியும். போய் சில்வியா கடைல குடுத்துட்டு வா.”

நேவேனா கிளம்பினாள். வீட்டுக் கதவில் கறுப்பு ரிப்பனுக்குக் கீழே அம்மாவின் அஞ்சலி நோட்டீஸ் புதிதாக இருந்தது. ஒன்றரை வருஷம் ஆனதற்கு ஒட்டியது. நாற்பதாம் நாள், மூன்றாம் மாதம், ஆறாம் மாதம், வருஷம், அதற்குப் பிறகும் ஒவ்வொரு ஆறு மாதமும் வீட்டுக் கதவிலும் பஸ் நிறுத்தத்திலும் மரத்திலும் படம் போட்டு ஒட்டாவிட்டால் செத்தவரை வீட்டார் மறந்துவிட்டார்கள் என்று அர்த்தம். பாவம், கெர்கா அத்தைதான் நினைவாக ஒட்டியிருக்கிறாள், வந்ததுமே நன்றி சொல்ல வேண்டும் என்று காலையில் இதைப் பார்த்தபோதே நினைத்திருந்தாள். சொல்ல மறந்துபோனது.

கடைக்கு இருபது நிமிஷ நடை. தெருவில் பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன. நடக்க நடக்க அந்த டாக்டர் நாள் ஞாபகம் வந்தது. ஊருக்கு வந்தால் அது வரும் என்று அவளுக்குத் தெரியும், ஏனென்று மட்டும் தெரியாது.

விடுமுறையின் கடைசி நாள். டாக்டர் மாவட்டத் தலைநகரில். முன்கூட்டிச் சொன்னால் கலவரப்படுவார்கள் என்பதால் சின்யோராவிடம் எப்போதும் சொல்லமாட்டாள். அப்பாவிடமும் அப்படியே. காலை ஐந்தரைக்கு எழுப்பி, “கிளம்புங்கப்பா, வெளிய போறோம்,” என்றாள். ஆச்சரியமாக அவர் உடனே எழுந்தார். யாரும் சொல்லாமல் தானே சவரம் செய்துகொண்டார். அந்தச் சாம்பல் கோட்டைப் போட்டுக்கொண்டு அவளுக்கு முன்னால் வாசலில் நின்றார். செப்டம்பர் வெயிலுக்கு எதற்கு கோட்டு என்று அவள் கழற்றப் போனபோது விடவில்லை. பஸ் நிறுத்தத்துக்கு வந்து பஸ் நின்றதும் அவர் முகம் மாறியது.

“பஸ்ஸுலயா?” என்றார்.

“ஆமாப்பா, ஏறுங்க.”

டாக்டர் அம்மாள் மூக்குக்கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்டிருந்தாள். வெளியே பதினொரு பேர் காத்திருந்தார்கள். ரத்த அழுத்தம் பார்க்கக் கோட்டைக் கழற்றச் சொன்னபோது அப்பா கழற்றி, மடித்து, மடியில் வைத்துக் கையால் அழுத்திக்கொண்டார். நேவேனா வாங்கிக்கொள்ளக் கை நீட்டியபோது கொடுக்கவில்லை.

“பாருங்க டாக்டர்,” என்றாள் நேவேனா, அப்பா அங்கே இல்லாதது போல. “எங்க சின்யோராவும் இப்படித்தான். எதையாவது ஒளிச்சு வெச்சுக்கறது, சொந்தப் பொண்ணையே சந்தேகப்படறது.”

நூறிலிருந்து ஏழு கழித்தால் எவ்வளவு என்று டாக்டர் கேட்டாள். அப்பா ஜன்னலைப் பார்த்தார். மூன்று வார்த்தைகள் சொல்லி, திருப்பிச் சொல்லச் சொன்னாள். “வேணாம்மா,” என்றார். கடைசியாக, இன்னிக்கு என்ன தேதி என்று கேட்டாள்.

அதற்கு அப்பா டாக்டரைப் பார்க்கவில்லை. திரும்பி மகளைப் பார்த்தார். நேரே, ரொம்ப நேரம். அந்தப் பார்வையை நேவேனா உதவி கேட்கிற பார்வை என்று எடுத்துக்கொண்டாள். சின்யோராவுக்குச் செய்வது போலவே புன்னகை செய்தாள்.

“சொல்லுங்கப்பா. நல்லா யோசிச்சுப் பாருங்க. இன்னிக்கு என்ன தேதி?”

அவர் இன்னும் கொஞ்சம் பார்த்தார். பிறகு மடியிலிருந்த கோட்டைப் பார்த்தார்.

“தெரியல,” என்றார்.

டாக்டர் எழுதிக்கொண்டே சொன்னாள்: “ஞாபகம் போனவங்க தப்பாவாவது ஒண்ணு சொல்வாங்க. இவரு தப்பாக்கூடச் சொல்லல, முயற்சியே பண்ணல. இவரு சம்சாரம் தவறி எத்தனை நாள் ஆச்சு?”

“மார்ச்ல.”

“மனசு அமுங்கிப் போனா மூளையும் பாதிக் கடையைச் சாத்திடும். வயசானவங்ககிட்ட ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும் பாக்கறதுக்கு. மனசுக்கு ஒரு மாத்திரை எழுதித் தரேன். மூணு மாசம் குடுங்க. பக்கத்துல உக்காந்து பேசுங்க. அவரு எழுந்திரிச்சா ஞாபகமும் எழுந்திரிக்கும். எழுந்திரிக்கலன்னா அப்புறம் மத்ததைப் பாப்போம்.”

“டாக்டர், அவரு ஒரு சொட்டுக் கண்ணீர்கூட விடல. நான் ஒன்பது வருஷமா இதைத்தான் பாத்துட்டிருக்கேன். எனக்குத் தெரியாதா?”

டாக்டர் தோளைக் குலுக்கிவிட்டுச் சீட்டைக் கொடுத்தாள். அந்தச் சீட்டு நேவேனாவின் கைப்பையிலேயே மோதெனாவுக்குப் போனது. அங்கிருந்து அவள் சின்யோரா சாப்பிடுகிற ஞாபக மாத்திரைகளை வாங்கி அப்பாவுக்கு அனுப்பினாள். டாக்டரைப் பார்த்த அன்று சோஃபியா பஸ்ஸை அவள் அந்த ஊரிலேயே பிடிக்க வேண்டியிருந்தது. அப்பாவை லோம் பஸ்ஸில் ஏற்றி, டிரைவரிடம், “இவருக்கு ஞாபகம் இல்ல. லோம்ல இறக்கி விட்டுடுங்க, பக்கத்து வீட்டம்மா வந்து கூட்டிப்பாங்க,” என்றாள். அப்பா பக்கத்தில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

பிறகு ஒவ்வொரு ஞாயிறும் போன். அம்மா இருந்த காலத்தில் போனை எடுத்ததும் நேவேனா, “ஆத்துல தண்ணி எவ்வளவுப்பா?” என்பாள். நூத்தி எண்பது, ஏறுது என்பார். அதற்குள் அம்மா பிடுங்கிக்கொள்வாள். இந்த ஒரு வருஷம் அவள் கேட்டது, “இன்னிக்கு என்ன கிழமைப்பா?” தெரியல என்பார். சரி, அத்தைகிட்ட குடுங்க என்பாள். அப்பாவைப் பற்றி அப்பாவின் காதுபடவே கெர்கா அத்தையிடம் பத்து நிமிஷம் பேசிவிட்டு வைப்பாள்.

சில்வியாவின் கடை பள்ளிக்கூடத்துக்கு எதிரே. போட்டோ காப்பி, பிறந்தநாள் அட்டை, அஞ்சலி நோட்டீஸ். இப்போதெல்லாம் முதல் இரண்டும் பேருக்குத்தான். சில்வியா நேவேனாவைவிடப் பத்து வயது இளையவள். எழுந்து வந்து கட்டிக்கொண்டு, சாவு வீட்டுக்காரர்களிடம் எல்லோரும் சொல்வதைச் சொன்னாள்.

“கடவுள் அவரை மன்னிக்கட்டும் அக்கா. நம்பவே முடியல. ரெண்டு வாரம்கூட ஆகல, அந்த நாற்காலிலதான் உக்காந்திருந்தாரு.”

“யாரு?”

“வெல்கோ மாமாதான். விதா அத்தையோட ஒன்றரை வருஷத்துக்கு அடிக்க வந்தாரே.”

“கெர்கா அத்தை கூட்டிட்டு வந்தாங்களா?”

“இல்லியே, தனியாத்தான். எப்பவும் தனியாத்தான் வருவாரு. ‘சாவியை வாங்கிட்டு வந்திருக்கேன், பன்னெண்டுக்குள்ள குடுத்துடணும்’னு பள்ளிக்கூடப் புள்ள மாதிரி சொல்லுவாரு. அடுத்தவங்க மாதிரி நாள் கடந்து வந்து மன்றாடறதெல்லாம் கிடையாது. ஒன்பதாந்தேதிக்கு எட்டாந்தேதி காலைல கதவு திறக்கும்போதே நிப்பாரு. உக்காந்து ஒவ்வொரு எழுத்தா படிப்பாரு. போகும்போது ஆத்துல இன்னிக்குத் தண்ணி எவ்வளவுன்னு சொல்லிட்டுப் போவாரு.”

நேவேனா நாற்காலியைப் பார்த்தாள். சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி.

“எவ்வளவுன்னு சொன்னாரு?”

“கடைசியாவா? எழுபத்தெட்டுன்னாரு. இப்படியே போனா மீனெல்லாம் நடந்துதான் போகணும்னு சொன்னாரு.” சில்வியா சிரித்துவிட்டு, சிரித்ததற்காகக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “இருங்க, படம் தேட வேண்டாம். விதா அத்தையோட படம் ரெண்டு பேரா இருந்த படத்துலேருந்து வெட்டினதுதான். மாமாவோட பாதி என்கிட்டயே இருக்கு.”

கம்ப்யூட்டர் திரையில் விதா என்ற பெயரில் ஐந்து கோப்புகள் இருந்தன. நேவேனாதான் கேட்டாள், அதையெல்லாம் காட்டு என்று. ஏன் கேட்டாள் என்று அவளுக்கே புரியவில்லை. சில்வியா ஒவ்வொன்றாகத் திறந்தாள். நாற்பது நாள். மூன்று மாதம். ஆறு மாதம். ஒவ்வொன்றின் அடியிலும் ‘மகள் நேவேனா, கணவர் வெல்கோ’ என்று இருந்தது. மகள் பெயர் முதலில் வரட்டும் என்பாராம்.

“இந்த ஆறாம் மாசம் எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு,” என்றாள் சில்வியா. “எப்பவும் எட்டுதான் அடிப்பாரு. அன்னிக்குப் பன்னெண்டு கேட்டாரு. ஏன் மாமான்னேன். ‘மக வந்திருக்கா, தூங்கிட்டிருக்கா. நாளைக்கு ரெண்டு பேருமாப் போயி ஒட்டுவோம். துறை வரைக்கும் போகலாம்’னாரு. துறையில காத்து அடிக்கும் இல்ல, ஒருத்தரால முடியாது, ஒருத்தர் புடிச்சுக்கிட்டாத்தான் இன்னொருத்தர் ஒட்ட முடியும், அதனால அங்க இதுவரைக்கும் ஒட்டினதே இல்லன்னாரு. அன்னிக்கு முகமே வேற மாதிரி இருந்துது. அப்புறம் என்ன, ரெண்டு பேரும் போனீங்களா?”

திரையில் அம்மா சிரித்துக்கொண்டிருந்தாள். கீழே தேதி இருந்தது. ஒன்பதாம் தேதி செப்டம்பர். டாக்டரிடம் போன நாள்.

நேவேனா அந்தச் சிவப்பு நாற்காலியில் உட்கார்ந்தாள். வெளிய போறோம் என்றதும் எழுந்து சவரம் செய்துகொண்டது. கோட்டு. பஸ்ஸுலயா என்று கேட்டது. மடியில் வைத்து அழுத்திக்கொண்டது. இன்னிக்கு என்ன தேதி என்று கேட்டபோது திரும்பி அவளைப் பார்த்தது. அவர் உதவி கேட்கவில்லை. உனக்கு நிஜமாகவே தெரியவில்லையா என்று பார்த்திருக்கிறார். டாக்டரின் முன்னால், தெரியாத ஒருத்தியின் முன்னால், மகளைக் காட்டிக்கொடுக்காமல் பழியைத் தன் தலைமேல் போட்டுக்கொண்டிருக்கிறார். தேதி மறந்தது அவள்தான். செத்தது அவளுடைய அம்மா.

“அக்கா? தண்ணி தரட்டுமா?”

“போகல,” என்றாள் நேவேனா. “நாங்க போகல.”

சில்வியா புதுக் கோப்பு ஒன்றைத் திறந்தாள். எத்தனை பிரதி என்று கேட்டபோது நேவேனா பன்னிரண்டு என்றாள். வாசகம் என்ன என்று கேட்டபோது, அம்மாவுக்கு அவர் எழுதியதையே போடு, பெயரை மட்டும் மாற்று என்றாள். அவர் எழுதியிருந்தது சின்ன வாசகம். ‘வீடு அப்படியே இருக்கிறது. நீ இல்லை.’ சில்வியா பெயரை மாற்றிவிட்டு, அடியில் யார் யார் பெயர் என்று கேட்டாள்.

“மகள்,” என்றாள். “நான் மட்டும்தானே.”

தெருவுக்கு வந்து பள்ளிக்கூடத்துச் சுவரோரம் நின்று கைப்பையைத் திறந்தாள். காகிதக் கத்தையைப் பிரிப்பதற்கு முன்பே அதில் என்ன என்று தெரிந்துவிட்டது. ஆனாலும் பிரித்தாள். நான்கு. ஆறாம் மாத நோட்டீஸ். மடித்த இடத்தில் மை உதிர்ந்து, அம்மாவின் கன்னத்தின் குறுக்கே வெள்ளைக் கோடு விழுந்திருந்தது. பன்னிரண்டில் எட்டை அவர் அன்று சாயங்காலமே பஸ்ஸை விட்டு இறங்கித் தனியாக ஒட்டியிருக்கிறார். இந்த நான்கை அதற்குப் பிறகு ஒரு வருஷம் கோட்டிலேயே வைத்திருந்திருக்கிறார். கெர்கா அத்தையிடம் சாவி வாங்கி, இதே கோட்டைப் போட்டுக்கொண்டு, வருஷத்துக்கும் ஒன்றரை வருஷத்துக்கும் கடைக்கு வந்தபோதும் இவை உள்ளேதான் இருந்திருக்கும். எடுத்துப் போட மனம் வரவில்லையா, இல்லை அவள் அடுத்த முறை வருவாள் என்று வைத்திருந்தாரா, இனிமேல் கேட்க ஆளில்லை.

சின்யோரா அடெலே ஒருநாளும் தெரியல என்று சொன்னதில்லை. இருபது வருஷம் முன்னால் செத்த புருஷன் ரொட்டி வாங்கப் போயிருக்கிறார் என்பாள். இன்று திங்கள், கிறிஸ்துமஸ், நேற்றுத்தான் எனக்குக் கல்யாணம் என்பாள். இல்லாததைச் சொல்வாளே ஒழிய இல்லை என்று சொல்லமாட்டாள். அப்பாவோ தலை வேலை செய்யவில்லை என்று தானாகவே சொன்னார். அந்த வித்தியாசம் ஒன்பது வருஷமாக அவள் கண்ணெதிரே நடமாடிக்கொண்டிருந்தது. மார்க்கர் வாங்கப் போகாமல் அன்று அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அம்மா இல்லாம வீடு எப்படிப்பா இருக்கு என்று ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். உனக்கு ஞாபகம் இல்லை, உனக்கு ஞாபகம் இல்லை என்று வாராவாரம் சொல்லி, கடைசியில் அவரே நம்பிவிட்டார். சீட்டுகளைக்கூட அவர் கிழிக்காதது அதனால்தான். மகளுக்குத் தெரியும், அவள் இத்தாலியில் இதே வேலையைச் செய்கிறவள் என்று நினைத்திருப்பார்.

அவள் ஒட்டிக்கொண்டே நடந்தாள். பஸ் நிறுத்தத்தில் ஒன்று. ரொட்டிக்கடைக்குப் பக்கத்து மின்கம்பத்தில் ஒன்று. தேவாலயத்து வேலியில் இரண்டு. போன இடத்திலெல்லாம் அம்மா ஏற்கெனவே இருந்தாள், ஒன்றரை வருஷ நோட்டீஸில், நேராக, நான்கு மூலையும் படிய. அப்பா எதைச் செய்தாலும் அப்படித்தான். ரொட்டிக்கடைக்காரி வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டு வாசித்துவிட்டு, “வெல்கோவா? போன வாரம்கூட நான் மீதிச் சில்லறை அதிகமாக் குடுத்துட்டேன்னு திரும்பி வந்து குடுத்துட்டுப் போனாரே,” என்றாள். நேவேனா தலையசைத்தாள். இன்னும் எத்தனை பேர் சொல்வார்கள் என்று பயமாக இருந்தது.

வீட்டுக்குத் திரும்பிக் கதவில் ஒன்றை ஒட்டியபோது மணி ஒன்று. கெர்கா அத்தை அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்து, அடக்கத்துக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க வேகவைத்த கோதுமையில் சர்க்கரை தூவிக்கொண்டிருந்தாள்.

“அத்தை, ஆறாம் மாசத்துக்கு அப்பா தனியா ஒட்டினது உங்களுக்குத் தெரியுமா?”

கெர்கா அத்தை கரண்டியை நிறுத்தவில்லை. “பஸ்ஸுலேருந்து இறங்கினவரு வீட்டுக்கு வரலை. இருட்டற வரைக்கும் ஒட்டிட்டுத்தான் வந்தாரு. நீ ஏன் கூட இல்லன்னு கேட்டேன். அவளுக்கு வேலை இருந்துதுன்னாரு.” கோதுமையை ஒருமுறை கிளறிவிட்டு, “நேவேகிட்ட சொல்லாதன்னாரு. கஷ்டப்படுவான்னாரு.”

நேவேனா குனிந்து அப்பாவின் கழுத்துப் பட்டனைச் சரிசெய்தாள். சரிசெய்ய ஒன்றுமில்லை, போட்டுத்தான் இருந்தது. மனசுக்கான அந்த மருந்துச் சீட்டை எடுத்துக் காட்ட வேண்டும் போலிருந்தது. அது மோதெனாவில் ஏதோ ஒரு இழுப்பறையில் கிடக்கும்.

“நான் ஒரு அரை மணி நேரத்துல வந்துடறேன் அத்தை.”

“எங்க போற? ரெண்டரைக்குப் பாதிரியார் வந்துடுவாரு.”

“துறைக்கு.”

கெர்கா அத்தை அவளை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு நகர்ந்து உட்கார்ந்து, பெட்டியின் விளிம்பில் கையை வைத்துக்கொண்டாள். “போ. நான் இருக்கேன்,” என்றாள்.

துறையில் ஆளில்லை. ஆறு கரையிலிருந்து வெகுதூரம் உள்ளே போயிருந்தது. இரும்பு அளவுகோலின் அடிப்பக்கம் சேறு காய்ந்து நின்றது. தண்ணீர் தொடுகிற இடத்தில் எழுபத்து நாலு என்று அவளாலேயே படிக்க முடிந்தது. அதற்குப் பக்கத்தில் பழைய படகு நேர அட்டவணைப் பலகை. மரம் நல்ல மரம். அப்பா மனதில் வைத்திருந்தது இதுவாகத்தான் இருக்கும்.

அப்பாவின் கோட்டிலிருந்த டேப் உருளையை வளையல் மாதிரி மணிக்கட்டில் மாட்டிக்கொண்டாள். அம்மாவின் ஆறாம் மாத நோட்டீஸை விரித்துப் பலகையில் வைத்தாள். காற்று கீழ் மூலையைத் தூக்கியது. ஒரு கையால் அழுத்திக்கொண்டு, பல்லால் டேப்பைக் கிழிக்கப் பார்த்தாள். வரவில்லை. முழங்கையால் அழுத்தினாள், மேல் மூலை எழுந்தது. ஒருத்தரால் முடியாது என்று அப்பா சொன்னது சரிதான். சரி, முதலில் இரண்டையும் வைத்துப் பார்க்கலாம் என்று அப்பாவின் நோட்டீஸை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். அம்மாவின் படத்தின் ஓரத்தில் வெட்டுப்பட்டு நின்ற தோள் இந்தப் பக்கம் வந்து முழுசாயிற்று.

காற்று பலமாக அடித்தது. அவள் ஒரு உள்ளங்கையை அம்மாவின் மேலும் இன்னொன்றை அப்பாவின் மேலும் வைத்து அழுத்திக்கொண்டாள். கைப்பைக்குள் போன் அடிக்க ஆரம்பித்தது. ரென்ஸோவாகத்தான் இருக்கும். அது அடித்து ஓய்ந்து மறுபடி அடித்தது. டேப் மணிக்கட்டிலேயே தொங்கியது. எந்தக் கையை எடுத்தாலும் ஒன்று பறந்துவிடும் என்பதால் அவள் அப்படியே நின்றுகொண்டிருந்தாள்.